அருவில நனைஞ்ச கார் ரிமோட் சாவி, செல் மாத்தியும் வேலை செய்யல, புது சாவி வாங்கித்தான் ஆகணுமா?

நெல்லை_வண்டிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். என் கார் 2017 மாடல், பெட்ரோல். சாவி மடக்கு சாவி, பட்டன அமுக்குனா ப்ளேடு டக்குனு வெளிய வந்து நிக்கும்ல அந்த டைப். புஷ் ஸ்டார்ட்லாம் கிடையாது, சாவிய போட்டு திருப்பணும்.

ஒரு மாசம் முன்னாடி சாரல் நல்லா இருக்குன்னு குடும்பத்தோட குற்றாலம் போனோம். ஐந்தருவில குளிக்கும்போது சாவி டவுசர் பாக்கெட்லயே இருந்துருக்கு, நான் கவனிக்கவே இல்ல, அரை மணி நேரம் நல்லா ஊறிருச்சு. வெளிய வந்து பயந்துகிட்டே அமுக்குனேன், கார் தொறந்துருச்சு. சரி ஒண்ணும் ஆகலன்னு துண்டால தொடச்சேன், வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி அரிசி டப்பாக்குள்ள போட்டு வச்சேன்.

பத்து நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் லாக் பண்ண ரெண்டு மூணு தடவ அமுக்க வேண்டி வந்துச்சு, அப்புறம் கதவு பக்கத்துல நின்னாத்தான் வேலை செஞ்சுச்சு, போன திங்கக்கிழமைல இருந்து சுத்தமா இல்ல. அமுக்கும்போது சின்னதா செவப்பு லைட் ஒண்ணு எரியும், அதுவும் இப்ப எரியல. வண்ணாரப்பேட்டைல ஒரு பேன்சி கடைல 2032 செல் வாங்கி மாத்துனேன், அதே கததான்.

ஆனா சாவிய போட்டு திருப்புனா கார் எந்த பிரச்சனையும் இல்லாம ஸ்டார்ட் ஆகுது. சர்வீஸ்ல காட்டுனேன், தொறந்து கூட பாக்கல, "தண்ணி போயிருச்சுல்லா, புது சாவிதான், 9,500 ஆகும், வண்டிய ரெண்டு நாள் விட்டுருங்க"ன்னு சொல்லுதாங்க. மாசக் கடைசி, அவ்வளவு பணம் இப்ப முடியாது. ரெண்டாவது சாவி தூத்துக்குடில தம்பி வீட்ல கிடக்கு.

கார் ஸ்டார்ட் ஆகுதுன்னா சாவி உயிரோட இருக்குன்னுதான அர்த்தம்? அப்ப லாக் மட்டும் ஏன் ஆக மாட்டேங்குது? விஷயம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

சாலிடர்_கோவை

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல போன் போர்டு வேலை பாக்கறேன், கார் ரிமோட்டும் மாசத்துக்கு பத்து பதினஞ்சு வரும், மழை மாசத்துல இன்னும் ஜாஸ்தி. உங்க சாவி பொழைக்கும்னுதான் எனக்கு தோணுது, அவசரப்பட்டு 9,500 குடுத்துடாதீங்க.

முதல்ல நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். அந்த சாவிக்குள்ள சம்பந்தமே இல்லாத ரெண்டு சமாச்சாரம் இருக்குதுங்க. ஒண்ணு இம்மொபிலைசர் சிப்பு. அதுக்கு செல்லே வேண்டாம். நீங்க சாவிய போட்டு திருப்பறப்ப இக்னிஷன் ஓட்டைய சுத்தி இருக்கற காயில் 125 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு அலைய அனுப்பும், அந்த அலைல இருந்தே சிப்பு கரண்ட் எடுத்துட்டு தன் நம்பர சொல்லும், கார் "சரி நம்ம சாவிதான்"னு எஞ்சின விடும். அதனாலதான் செல் செத்துக் கிடந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகுது. இன்னொண்ணு ரிமோட்டு. அது செல்லுல ஓடறது, நம்மூர் காருங்கள்ல பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ்ல ரேடியோ அலைய தூக்கி வீசும். உங்களுக்கு போனது இந்த ரெண்டாவது மட்டும்தான்.

இப்ப அரிசி விஷயம். தயவு செஞ்சு யாரும் இத பண்ணாதீங்க. அரிசி வெளிய இருக்கற ஈரத்த கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான், போர்டுக்கும் செல்லுக்கும் நடுவுல நிக்கற தண்ணிய ஒண்ணும் பண்ணாது. உண்மையான தப்பு என்னன்னா செல்ல கழட்டாம விட்டது. தண்ணி மட்டும் இருந்தா போர்டு காஞ்சு பொழச்சுக்கும், ஆனா தண்ணியோட 3 வோல்ட்டும் சேர்ந்து நிக்கறப்ப தாமிரத்த கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டே இருக்கும், பச்சை பச்சையா பூக்கும். நீங்க சொன்ன மாதிரி பத்து நாள் நல்லா இருந்து, அப்புறம் தூரம் கொறஞ்சு, அப்புறம் சாகறது, இது அப்படியே அந்த அரிப்போட கதைதானுங்க.

செய்ய வேண்டியது இது. சாவி ரிங்கு மாட்ற பக்கத்துல ஒரு சின்ன காடி இருக்கும், அதுல சப்பை ஸ்க்ரூ டிரைவர வெச்சு மெதுவா திருப்புனா கூடு ரெண்டா பிரியும். செல்ல எடுங்க. போர்டு தனியா வரும், சிலதுல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். வெளிச்சத்துல வெச்சு பாருங்க, செல்ல புடிக்கற தகடு போர்டுல ஒட்டற இடத்துலயும் பட்டன் சுவிட்சோட கால்லயும் பச்சையாவோ வெள்ளையாவோ பொடி இருக்கான்னு. இருந்தா 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் கடைல கெடைக்கும், அத நனைச்சு பழைய பல்லு பிரஷ்ல பூப்போல தேய்ங்க. கைக்கு போடற சானிடைசர் வேண்டாம், அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்குது. பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க, ரப்பர் பட்டன் உப்பிரும். அப்புறம் பேனுக்கு கீழ நாலு மணி நேரம். ஹேர் டிரையர் வேண்டாம், வெயில்ல டேஷ்போர்டு மேலயும் வேண்டாம்.

செல்ல திருப்பி போடறதுக்கு முன்னாடி அந்த தகட்ட நகத்தால லேசா தூக்கி விடுங்க, அழுந்தி போயிருந்தா செல்ல தொடாது. பாத்துட்டு சொல்லுங்க.

அடையார்_ஓட்டுனர்

ப்ரோ எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு. போன் கேமராவ ஆன் பண்ணி சாவி முன்னாடி புடிச்சு பட்டன அமுக்குங்க, லைட் மாதிரி தெரிஞ்சா சாவி ஓகே, தெரியலன்னா சாவி அவுட்டு. யூட்யூப்ல பாத்தேன்.

அப்புறம் இன்னொரு விஷயம், எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல ஒரு தூண் பக்கத்துல யாரு கார் நிறுத்துனாலும் ரிமோட் எடுக்காது, வெளிய ரோட்டுக்கு வந்தா எடுக்கும். எல்லாரும் ஆளாளுக்கு செல் மாத்திட்டு இருந்தோம், ரெண்டு பேர் சாவியே மாத்திட்டாங்க, கடைசில பாத்தா தரைத்தளத்துல ஒரு வீட்ல வயர்லெஸ் காலிங் பெல்லோட பட்டன் உள்ள அமுங்கி மாட்டிக்கிட்டு ராத்திரி பகலா சிக்னல் அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு, பெல்லோட பெட்டிய அவங்க ப்ளக்ல இருந்து எடுத்து வச்சிட்டதால சத்தமும் கேக்கல. அந்த பட்டன்ல இருந்து பேட்டரிய எடுத்த அன்னைக்கே எல்லா காரும் தொறந்துச்சு. அதனால வேற இடத்துக்கு ஓட்டிட்டு போய் ஒரு தடவ அமுக்கி பாருங்க ப்ரோ, காசு செலவு இல்லாத டெஸ்ட்.

சாலிடர்_கோவை

தம்பி ரெண்டாவது சொன்னது ரொம்ப சரியான பாயிண்ட்டு, எல்லாரும் குறிச்சு வெச்சுக்கங்க. லைட்டர் சாக்கெட்ல மாட்ற மலிவான போன் சார்ஜரும் இதே வேலைய பண்ணும், டேஷ்கேம் போட்டதுல இருந்து ரிமோட் தூரம் கொறஞ்சுதுன்னு ஒருத்தர் வந்தாரு, சார்ஜர புடுங்குனதும் சரியாச்சு.

ஆனா கேமரா விஷயம் தப்புங்க. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளி, அத கேமரா கண்டுபுடிக்கும். இப்ப வர்ற கார் ரிமோட் ரேடியோ அலை, எந்த கேமராவுலயும் தெரியாது. அந்த டெஸ்ட நம்பி நல்ல சாவிய தூக்கி எறிஞ்சவங்கள பாத்திருக்கறேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

அதே மாதிரி சாவில இருக்கற குட்டி செவப்பு லைட்ட முழுசா நம்ப முடியாதுங்க. லைட் எரிஞ்சா செல்லும் பட்டனும் சிப்பும் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் அர்த்தம், அலை வெளிய போகுதுன்னு அர்த்தம் இல்ல. சாவி கீழ விழுந்தா உள்ள அலைவரிசைய புடிச்சு வெக்கற கிரிஸ்டல் விரிஞ்சு போகும், அப்ப லைட் ஜோரா எரியும், காருக்கு ஒண்ணும் கேக்காது.

பழைய_டீசல்

தம்பி நெல்லை, நான் முப்பது வருசமா வண்டி வச்சிருக்கேன், ரெண்டு விஷயம் சொல்லிடுறேன்.

ஒண்ணு, தூத்துக்குடில இருக்குற அந்த ரெண்டாவது சாவிய எப்படியாவது வரவழைங்க. பஸ்ல குடுத்து விட சொன்னா கூட சாயங்காலம் வந்துரும். அது வேலை செஞ்சா காருல குத்தம் இல்ல, சாவிலதான்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சுரும். அதுவும் வேலை செய்யலன்னா காரோட பேட்டரிய பாரு, சென்ட்ரல் லாக் பியூஸ பாரு. காருக்குள்ள கேக்குற பெட்டிக்கு கரண்ட் போகலன்னா நீ பத்து சாவி வாங்கினாலும் ஒண்ணும் நடக்காது. இந்த ஒரு சோதனைய பண்ணாமலே சர்வீஸ்ல 9,500 சொன்னாங்கன்னா அது எனக்கு சரியா படல.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். கூடு தேஞ்சு போச்சுன்னு ஆன்லைன்ல 300, 400 ரூபாய்க்கு வெறும் கூடு வாங்கி மாத்துறவங்க நிறைய பேர். அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா சில சாவில இம்மொபிலைசர் சிப்பு போர்டோட ஒட்டியிருக்காது, அரிசி மணிய விட கொஞ்சம் பெருசா கருப்பா ஒரு துண்டு, இல்லன்னா கண்ணாடி குப்பி மாதிரி, கூட்டோட மூலைல ஒரு குழிக்குள்ள தனியா உக்காந்திருக்கும். பாத்தா சும்மா பிளாஸ்டிக் துண்டு மாதிரிதான் இருக்கும். பழைய கூட்ட குப்பைல போட்டா அதுவும் போயிரும், அப்புறம் புது கூட்டுல கதவு தொறக்கும், கார் ஸ்டார்ட் ஆகாது. என் மச்சான் குப்பை வண்டி பின்னாடியே ஓடினான். பழைய கூட்ட புது சாவில ஸ்டார்ட் பண்ணி பாக்குற வரைக்கும் தூக்கி போடாதே.

நெல்லை_வண்டிக்காரன்

கோவை அண்ணாச்சி, டீசல் அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் கையெடுத்து கும்பிடுதேன். ஞாயித்துக்கிழம காலைல உக்காந்து தொறந்துட்டேன். நீங்க சொன்னது அச்சு அசல் அப்படியே இருக்கு. செல்லோட ப்ளஸ் பக்கத்த தொடுற தகடு போர்டுல ஒட்டிருக்க இடம் முழுக்க பச்சை, மயில் துத்தம் தூவி விட்ட மாதிரி. அன்லாக் பட்டன் சுவிட்சோட ரெண்டு கால்ல வெள்ளையா படிஞ்சு கிடக்கு. லாக் பட்டன் சுத்தமா இருக்கு. போர்ட தொடுறதுக்கு முன்னாடி அந்த தனி சிப்பு இருக்கான்னுதான் முதல்ல தேடுனேன், என்னோடதுல கூட்டுல ஒரு குழிக்குள்ள கருப்பா இருந்துச்சு, எடுக்கல, அப்படியே விட்டுட்டேன்.

ஆல்கஹால் ஜங்ஷன்ல கிடைச்சுது, பிரஷ் வச்சு பொறுமையா தேய்ச்சேன், பச்சை போயிருச்சு. பேன்ல காய வச்சு சாயங்காலம் செல்ல போட்டேன். லைட் லேசா எரியுது. லாக் ஆகுது, ஆனா கண்ணாடிய ஒட்டி நின்னாத்தான், ரெண்டடி தள்ளுனா இல்ல. அன்லாக் ஒரு தடவ கூட எடுக்கல.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன்கிட்ட மல்டிமீட்டர் வாங்கி செல்ல பாத்தேன், 3.05 காட்டுது. அப்ப செல் நல்லாத்தான இருக்கு? இன்னும் என்ன மிச்சம்?

சாலிடர்_கோவை

ரொம்ப சந்தோசமுங்க, பாதி கிணறு தாண்டிட்டீங்க. செல்ல தனியா வெச்சு அளந்தா பழைய செல்லும் 3 காட்டும், அது ஏமாத்தும். வேலை செய்யறப்ப அளக்கணும். செல்ல போர்டுல மாட்டிட்டு, மீட்டர் முனைய தகட்டுல வெக்காம, ரெண்டு தகட்டு காலும் சாலிடர் ஆகற போர்டு பக்கத்துல வெச்சுட்டு, இன்னொருத்தர பட்டன அமுக்கச் சொல்லுங்க. 2.8, 2.9ல நின்னா நல்லது. 2.5க்கு கீழ சரிஞ்சா ரெண்டுல ஒண்ணு, கடைல ரொம்ப நாள் கெடந்த செல்லு, இல்லன்னா தகட்டோட சாலிடர் விரிசல் விட்டிருக்கு. அப்புறம் முனைய நேரா செல்லு மேலயே வெச்சு திரும்ப அமுக்கிப் பாருங்க. செல்லு மேல 3 நின்னு, போர்டு பக்கம் சரிஞ்சா சாலிடர்தான்.

அன்லாக் சுவிட்சு செத்துருச்சுங்க, அத கழுவி பிரயோஜனம் இல்ல. நாலு கால் குட்டி சுவிட்சு, பத்து ரூபா சாமான். உயரத்த மட்டும் அளந்து அதே உயரத்துல வாங்குங்க, அரை மில்லிமீட்டர் கூடுனா கூடு மூடறப்ப பட்டன் அமுங்கியே நிக்கும், ரெண்டு நாள்ல செல் காலி.

செல் வாங்கறப்ப இன்னொண்ணு, 2032ன்னா 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 கனம். 2025 அதே அகலம், கனம் 2.5 தான். கடைக்காரங்க "அதுவும் சேரும்"னு குடுப்பாங்க, உக்காரும், ஆனா ஆடும், ஒரு குலுக்கல்ல தொடர்பு விட்டுப் போகும். குழந்தைங்க வாயில போட்டா துப்பறதுக்குன்னு கசப்பு பூச்சு போட்ட செல்லுன்னா மாட்டறதுக்கு முன்னாடி ஓரத்த ஆல்கஹால்ல ஒரு தொடப்பு தொடச்சுருங்க, சில சாவில அந்த பூச்சே தகட்ட தொட விடாது.

வார்டு_சிஸ்டர்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் அரசு ஆஸ்பத்திரில நர்ஸ். செல் பத்தி பேச்சு வந்ததால இத சொல்லாம போக மனசு வரல. கழட்டுன பழைய செல்ல மேஜை மேல வச்சுட்டு போகாதீங்க. 20 மில்லிமீட்டர் செல் சின்ன குழந்தையோட உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிரும், காருக்கு ஆகாத செத்த செல்லா இருந்தாலும் அதே ஆபத்துதான், அதுல மிச்சம் இருக்குற கரண்டே போதும். குழந்தை முழுங்கிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா எக்ஸ்ரே இருக்குற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. பழைய செல்ல ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்துல வைங்க.

நெல்லை_வண்டிக்காரன்

சிஸ்டர் ரொம்ப நன்றி. எங்க வீட்ல ரெண்டு வயசு பிள்ள இருக்கான், பழைய செல் டிவி ஸ்டாண்ட் மேலதான் கிடந்துச்சு, இத படிச்ச உடனே எந்திரிச்சு போய் எடுத்துட்டேன்.

யாழ்_வாகனம்

வணக்கம் அண்ணாமார். நான் யாழ்ப்பாணம். இஞ்ச ஓடுறதில கனக்க ஜப்பான்ல பாவிச்சிட்டு வந்த வாகனங்கள்தான், என்ரயும் அப்பிடித்தான். ரிமோட் திறப்பு போன மாசம் துலைஞ்சு போச்சு, அதே மாதிரி ஒண்டு ஒன்லைன்ல எடுப்பிச்சனான், பாக்க அச்சொட்டா பழையது மாதிரியே இருக்கு. வாகனம் புதுத் திறப்பை அடையாளம் பிடிக்கிற மாதிரி பழக்கிறதுக்கு ரெண்டு கடையில குடுத்துப் பாத்திட்டன், வாகனம் அதைப் பிடிக்குதில்லை எண்டு சொல்லுகினம். பற்றரி புதுசு. என்ன பிழையா இருக்கும்?

சாலிடர்_கோவை

அண்ணா, ஜப்பான்ல ஓட்றதுக்குன்னு செஞ்ச காருங்க 315 மெகாஹெர்ட்ஸ ஒட்டித்தான் கேக்கும். ஆன்லைன்ல வர்றது பெரும்பாலும் 433. கூடு, பட்டன், படம் எல்லாம் ஒண்ணாவே இருக்கும், பேசற அலைவரிசை வேற, அதனால எத்தனை கடைக்கு போனாலும் அது பழகாதுங்க. பின்னாடி ஸ்டிக்கர்லயோ போர்டு மேலயோ நம்பர் அச்சடிச்சிருப்பாங்க, பாத்து எழுதுங்க.

நெல்லை_வண்டிக்காரன்

ரெண்டாவது சாவி வியாழக்கிழம வந்துருச்சு. நாப்பது அடி தள்ளி நின்னு அமுக்குனேன், ஒரே அமுக்குல லாக்கு, அன்லாக்கு, டிக்கி எல்லாம். கார்ல ஒண்ணும் இல்லன்னு உறுதியாச்சு.

மீட்டர் டெஸ்டும் பண்ணேன். செல்லு மேல 2.98, போர்டு பக்கம் அமுக்கும்போது 2.1க்கு சரியுது. அண்ணாச்சி சொன்ன மாதிரியே சாலிடர் விரிசல், லென்ஸ் வச்சு பாத்தா தகட்டு காலச் சுத்தி முடி மாதிரி ஒரு கோடு தெரியுது. நமக்கு சாலிடர் புடிச்சு பழக்கம் இல்ல, பாளையங்கோட்டைல போன் சர்வீஸ் கடைல குடுத்தேன், அந்த தம்பி நான் கண்ணு முன்னாடி நின்னு பாக்கணும்னு சொன்னதுக்கு ஒண்ணும் சொல்லல, தகட்டு கால புதுசா சாலிடர் வச்சு, அன்லாக் சுவிட்சயும் மாத்தி குடுத்தாரு. 150 ரூபா. இப்ப தெரு முனைல நின்னு அமுக்குனாலும் கார் கண்ண சிமிட்டுது.

ஒரே ஒரு சந்தேகம். வேல முடிஞ்சு முதல் தடவ அமுக்கும்போது லைட் எரிஞ்சும் கார் கண்டுக்கல, ரெண்டாவது அமுக்குக்குத்தான் எடுத்துச்சு, அதுக்கப்புறம் ஒழுங்கா இருக்கு. இது ஏன்?

சாலிடர்_கோவை

பயப்படாதீங்க. ஒவ்வொரு அமுக்குக்கும் சாவி வேற வேற நம்பர அனுப்பும், போன தடவ அனுப்புனத எவனாவது புடிச்சு வெச்சிருந்தாலும் தொறக்க முடியாம இருக்கறதுக்கு. தூரம் கொறஞ்சிருந்த நாள்ல நீங்க அமுக்குன அமுக்கெல்லாம் சாவி எண்ணிட்டே போயிருக்கும், கார் காதுல விழுந்திருக்காது, அதனால சாவி முன்னாடி போயிருச்சு. நெறைய காருல ரெண்டு நம்பர் வரிசையா சரியா வந்தா அதுவே சேர்த்துக்கும், உங்களுக்கு நடந்தது அதுதானுங்க. சேரலன்னா சாவிய போட்டு இக்னிஷன ஆன் பண்ணிட்டு அமுக்கச் சொல்லுவோம், சில காருக்கு மட்டும் மிஷின் வெச்சு பழக்கணும்.

கூடு மூடறப்ப சுத்தி இருக்கற ரப்பர் வளையம் காடில உக்காந்திருக்கான்னு ஒருக்கா பாத்துக்கங்க. அது முறுக்கிட்டு இருந்தா கை வேர்வையே உள்ள போகும்.

பழைய_டீசல்

தம்பி, அந்த தூத்துக்குடி சாவிய திருப்பி அனுப்பாம உன் வீட்லயே வை, செல்ல கழட்டி. வருசத்துக்கு ஒரு தடவ செல்ல போட்டு அமுக்கி பாரு, இஞ்சினையும் அதுலயே ஸ்டார்ட் பண்ணி பாரு. சாவி ஒண்ணுதான் இருக்குதுன்னா அது தொலைஞ்ச அன்னைக்கு செலவு பல மடங்கு. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சாவிக்குன்னு தனியா ஒரு கவர் சேக்கலாம், அதையும் கேட்டு பாரு.

யாழ்_வாகனம்

கோவை அண்ணா, திறந்து பாத்தனான். புதுசா வந்த போர்டில 433 எண்டு போட்டுக் கிடக்கு. வித்தவைக்கு படம் எடுத்து அனுப்பினன், திருப்பி எடுக்கிறம் எண்டு சொல்லிப்போட்டினம். இனி 315 எண்டு எழுதிக் கேட்டுத்தான் எடுக்கப் போறன்.